அட்டாலி முறமும் கொம்பு பெயின்டும்

மாட்டுப் பொங்கல் முடிந்த வீடுகளில் ஒரு சாமான் தவறாமல் மிச்சமாகும். கொம்புக்கு அடித்த பெயின்ட். சிவப்பில் அரை டப்பா, பச்சையில் கால் டப்பா, மஞ்சளில் அடியில் ஒட்டியது கொஞ்சம். 'அடுத்த வருசத்துக்கு ஆகும்' என்று மூடியைத் தட்டி இறுக்கி, கட்டுத்தரைச் சுவரில் இருக்கும் மாடத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த வருசம் அதைத் திறந்தால் மேலே ஆடை கட்டியிருக்கும். புதுசு வாங்குவார்கள். அதிலும் மிச்சமாகும்.

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு டப்பாக்கள் சேர்ந்து கிடந்தன. நான்கு ஏக்கர் மேட்டாங்காடு, சோளமும் கொள்ளும் மானாவாரி. கிணற்றுத் தண்ணீரில் அரை ஏக்கர் சின்ன வெங்காயம். ஒரு ஜோடி காங்கேயம் காளை, ஒரு பசு, அதன் ஆறு மாதக் கிடாரிக் கன்று. வீட்டில் எழுபதைத் தாண்டிய ஆத்தா, அவரது ஒரே மகன், மருமகள், பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பேத்தி. பேரனுக்குத் திருமணமாகி, அவன் மனைவி வளைகாப்பு முடிந்து தாய் வீட்டில் இருந்தாள்.

லீவு நாளில் பேத்திக்குப் பொழுது போக வேண்டுமே. செல்போனில் பழைய பொருளைப் புதுசாக்கிக் காட்டும் வீடியோக்களைப் பார்ப்பாள். பார்ப்பதோடு நிற்காமல் செய்தும் பார்ப்பாள். தேங்காய்த் தொட்டி பூச்சட்டியானது. விளிம்பு உடைந்த மண்பானைக்குக் கண்ணும் மீசையும் வந்தது. அவள் அம்மாவுக்கு அதில் சந்தோசம்தான். சும்மா படுத்துக்கொண்டு செல்லைத் தள்ளுவதற்கு இது தேவலை அல்லவா?

மே மாதம் ஒரு நாள் ஊறுகாய் ஜாடி எடுக்க அட்டாலியில் ஏறியவள் கண்ணில், சாக்கு சுற்றி வைத்திருந்த ஒரு பழைய முறம் பட்டது. மூங்கில் பத்தை கறுத்து, எண்ணெய் தடவியது போல மின்னியது. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, புகை. மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தின்னத்தான் துளைப்பான் வண்டு வருகிறது. முறத்தைத் தட்டினால் மஞ்சளாகப் பொடி கொட்டுவது அந்த வண்டின் வேலை. விறகடுப்புக்கு மேலே தொங்கிய முறத்தில் புகை ஏறிக்கொண்டே இருந்ததால் வண்டு அண்டவில்லை. வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்து அம்மாக்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது நடந்தது. முறத்தின் ஆயுள் மட்டும் குறைந்துபோனது. அட்டாலி முறத்தின் விளிம்பில் இரண்டு இடத்தில் செம்புக் கம்பி போட்டு இறுக்கியிருந்தது. மெழுகிய பூச்சு பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. யாரோ தூக்கிப் போட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் காயவைத்து, கட்டுத்தரை மாடத்தில் இருந்த டப்பாக்களை இறக்கினாள். முன்பக்கம் முழுவதும் சிவப்பு இரண்டு கோட். நடுவில் ஒரு காங்கேயம் காளையின் முகம், நெற்றியில் மஞ்சள், ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு நீலம். சுற்றிலும் வெள்ளைப் புள்ளி வைத்துக் கோலம். சிவப்பு தீர்ந்துபோனதால் பின் விளிம்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. உள்ளதைச் சொன்னால், படம் அழகாகவே வந்திருந்தது. அந்த மாட்டின் கண்ணில் இருந்த முறைப்பு, கட்டுத்தரையில் நிற்கும் மூத்த காளையின் முறைப்பேதான். காயட்டும் என்று திண்ணைத் தூணில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

சாயங்காலம் கன்று கயிற்றை உருவிக்கொண்டு வந்துவிட்டது. பேத்தி வெளியே வந்தபோது அதன் வாயெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து அவள் போட்ட கூச்சலில் வெங்காயக் காட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். முறத்தின் கீழ் விளிம்பில் ஒரு சாண் அளவுக்குச் சுத்தமாக நக்கி எடுத்திருந்தது.

வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, மகன் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பெயின்ட் டப்பா எந்த வருசத்துது?" டப்பாவைத் துடைத்துப் பார்த்தால் 2012 என்று இருந்தது. மருத்துவர் வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

வருசத்தை அவர் கேட்டதற்குக் காரணம் ஈயம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் பெயின்டுகளில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது முன்பு வழக்கமாக இருந்தது. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவுக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கால்நடைகளில் ஈய நஞ்சுக்கு அதிகம் ஆளாவது மாடுகள்தான், அதிலும் இளங்கன்றுகள். எதையும் நக்கிப் பார்ப்பது அவற்றின் குணம். ஈயம் கலந்த பெயின்டில் லேசான இனிப்பும் உண்டு. பழைய பேட்டரி, கழித்துப்போட்ட இன்ஜின் ஆயில், உதிர்ந்த பெயின்ட் மூன்றும் கட்டுத்தரைப் பக்கமே வரக் கூடாது. நஞ்சு ஏறினால் கன்று பல்லைக் கடிக்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், ஒரே இடத்தில் வட்டமிடும், காரணமில்லாமல் கத்தும். இதில் எதைப் பார்த்தாலும் 'வெயிலுக்கு இப்படித்தான்' என்று இருந்துவிடாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மருத்துவர் உள்ளுக்கு மருந்து கொடுத்தார். சில நாள் கன்றைத் தனியாகக் கட்டிக் கவனிக்கச் சொன்னார். கன்று பிழைத்துக்கொண்டது. அது நக்கியது கொஞ்சம் என்பதாலா, உடனே கழுவி மருந்து கொடுத்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிளம்பும்போது முறத்தைப் பார்த்து, "அம்மிணி, படம் நல்லாருக்குது. ஆனா இதுல ஒரு பிடி தானியம்கூடப் போடக் கூடாது" என்றார்.

ஆத்தா அன்றைக்குப் பக்கத்து ஊரில் ஒரு சீருக்குப் போயிருந்தார். இருட்டிய பிறகுதான் வந்தார். கன்றுக்கு நடந்ததைக் கேட்டு, அதன் கழுத்தைத் தடவிவிட்டு, திண்ணைக்கு வந்தவர் கை முறத்தின் பின் விளிம்பில் பட்டது. அந்தக் கம்பிக் கட்டை விரலால் தேடிப் பார்த்தார்.

"இதெய ஆரு எடுத்தது?"

"அட்டாலீல சும்மா கெடந்துச்சுங்க ஆத்தா."

ஆத்தா திட்டவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால் பேத்திக்கு அன்று ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்.

மறுநாள் காலையில் விசயத்தைச் சொன்னது அம்மா. ஆத்தாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் நாள், இன்னொன்று மாதம் நிறைவதற்குள். வீட்டில் பிரசவம் பார்த்து, கையில் கிடைத்ததைக் கொண்டு தொப்புள்கொடி அறுத்த காலத்தில் ரணஜன்னி எத்தனையோ பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோனது. கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசிதான் பிறகு அதைக் கட்டுப்படுத்தியது. மூன்றாவது பிள்ளை பிறந்தபோது மாமியார் ஒரு காரியம் செய்தார். அந்த முறத்தில் நெல்லைப் பரப்பித் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தி, பக்கத்துத் தோட்டத்து அம்மாளிடம் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். இது அடுத்த வீட்டுப் பிள்ளை, நாங்கள் வாங்கியது என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவது. குப்பன், பிச்சை என்றெல்லாம் பெயர் வைத்ததும் இதே கணக்கில்தான். அந்தப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது என்பதும் உண்மை. பிள்ளையைக் காத்தது ஆஸ்பத்திரியா, முறமா என்று ஆத்தாவிடம் யாரும் கேட்டதில்லை.

அப்படி வாங்கிய பிள்ளைதான் பேத்தியின் அப்பா. அதற்குப் பிறகு பேரனையும் பேத்தியையும்கூட அதே முறத்தில் கிடத்தித்தான் தவிடு கொடுத்து வாங்கினார் ஆத்தா. அடம் பிடிக்கும்போதெல்லாம் "உன்னையத் தவிட்டுக்குத்தான வாங்கினோம்" என்று வீட்டில் சொல்வதை மற்ற பிள்ளைகளைப் போல அவளும் கேலி என்றே நினைத்திருந்தாள். பேரன் மனைவிக்கு ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்காகத்தான் முறம் சாக்கு சுற்றி அட்டாலியில் காத்திருந்தது.

அப்பா சும்மா இருக்கவில்லை. "சுரண்டிப் போடலாம்" என்று உப்புத்தாளோடு உட்கார்ந்தார். தின்னர் ஊற்றிப் பார்க்கலாமா, தீ காட்டி உரிக்கலாமா என்றும் யோசனை ஓடியது. இந்த இடத்தில் அவர் மருத்துவருக்கு மறுபடியும் போன் செய்தது நல்லதாயிற்று. பழைய பெயின்டைக் காயவைத்துத் தேய்த்தால் ஈயம் தூசியாகப் பறக்கும். தேய்ப்பவர் மூச்சில் போகும், திண்ணையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். தீ காட்டினால் புகையாக வரும். தின்னர் ஊற்றினால் கரைந்து மூங்கில் பத்தைகளின் இடுக்கில் இறங்கும். பின்னல் போட்ட பொருளை எத்தனை சுரண்டினாலும் சுத்தமானது என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பாதகமில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பிடிக்கும். பிறந்த குழந்தையைக் கிடத்தும் பேச்சுக்கே இடமில்லை. உப்புத்தாள் பெட்டிக்குத் திரும்பிப் போனது.

ஆத்தா இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சந்தை. மகன் வண்டியை எடுக்கும்போது, "மொறம் ரெண்டு வாங்கிட்டு வா. பத்தையத் தட்டிப் பாத்து வாங்கு" என்றார்.

முறம் வாங்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. தட்டினால் பொடி கொட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குண்டூசித் துளைகள் தெரியக் கூடாது. உள்பக்கம் மூங்கிலின் தோல் பக்கமாக, வழவழப்பாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். கையில் தூக்கினால் கனமே தெரியக் கூடாது. புடைப்பது, கொழிப்பது, தெள்ளுவது எல்லாமே எடையையும் காற்றையும் வைத்துச் செய்யும் வேலை. பதர் முன்னால் பறக்க வேண்டும், மணி பின்னால் தங்க வேண்டும். கல்லும் கட்டியும் தனியே ஒதுங்க வேண்டும். விதைச் சோளத்தில் உடைந்த மணியும் அரைமணியும் கலந்திருந்தால் சிவப்பு மாவு வண்டு முதலில் அதில்தான் பெருகும். ஆத்தா முறத்தில் நாலு தட்டுத் தட்டினால் அது அத்தனையும் வெளியே நிற்கும். பெயின்ட் அடித்த முறம் கனத்துப்போகும், மேல்பக்கம் வழுக்கும், நாளாக நாளாக உதிர்ந்து அரிசியில் விழும். ஈயம் இல்லாத புதுப் பெயின்டாகவே இருந்தாலும் புடைக்கும் முறத்துக்குப் பெயின்ட் ஆகாது.

புது முறத்தை அப்படியே புழங்க முடியாது. இடுக்கில் ராகியும் சாமையும் ஒழுகும். மெழுக வேண்டும். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பேத்தி செய்தாள். ஒரு முறத்துக்கு ஒரு கைப்பிடி வெந்தயம், ராத்திரி ஊறப்போட்டது. முப்பது நாற்பது தாள், கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டு, நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றியது. தாளுக்கு அம்மா பழைய பேப்பர் கட்டைத்தான் எடுத்து வந்தார். அது வேண்டாம் என்று மகள் தடுத்துவிட்டாள். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டு விதியிலேயே சொல்லியிருக்கிறது. அச்சு மையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் உண்டு. தானியம் புரளும் முறத்துக்கும் அதுதானே பொருந்தும்? பள்ளிக்கூட நோட்டுகளில் கடைசி இருபது பக்கம் எப்போதும் எழுதாமல்தான் கிடக்கும். மூன்று நோட்டைப் பிரித்ததில் தாள் வேலை முடிந்தது.

ஊறிய வெந்தயத்தையும் தாளையும் ஆட்டுக்கல்லில் போட்டு நைய ஆட்டி, வடை மாவுப் பதத்துக்கு எடுத்தார்கள். முதலில் பின்பக்கம். கட்டைவிரலால் இடுக்குகளில் அழுத்தி, மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். பேத்தி முதல் முறத்தில் தோசைக் கனத்துக்கு அப்பினாள். வெயிலில் வைத்ததும் வயல் வெடித்த மாதிரி வெடித்துப் பெயர்ந்தது.

"கனமாப் பூசுனா நிக்குமா சாமி? வழிச்சுப் போட்டுட்டு மறுக்காப் பூசு."

அந்த ராத்திரிக்குப் பிறகு ஆத்தா அவளோடு மனம் விட்டுப் பேசிய முதல் வார்த்தை அது.

இரண்டாம் முறை மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் நிழலில், அடுத்த நாள் வெயிலில் காய்ந்தது. பிறகு முன்பக்கம், அதே மாதிரி. காய்ந்தபின் டம்ளர் அடியால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே ஒரு முறை வெறும் வெந்தய விழுதைத் துடைத்தாற்போல் பூசி முடித்தார்கள்.

கலர் ஆசை மட்டும் அவளுக்குப் போகவில்லை. போகவும் வேண்டாம். தானியம் படும் முன்பக்கத்தில் எதுவும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு, பின்பக்கத்துக்கு வீட்டிலேயே வர்ணம் தேடினார்கள். பசைக்குப் புளியங்கொட்டை. வறுத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் பிடிக்கும் பிடிக்கு எனாமல் தோற்கும். வேலிக்காலில் வெட்டிய செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்துக் கரைத்துத் தெளியவிட்டால், அடியில் படிவது நல்ல காவி நிறம். கொட்டாங்கச்சிக் கரி கறுப்பு. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. மஞ்சள்தூள் பூசியதும் தங்கம் போலிருந்தது, ஆனால் வெளிச்சத்தில் சில வாரத்தில் வெளுத்துவிடும். அதோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவந்துபோனது. ஆரத்தி கரைக்கும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பார்த்து, ஒட்டிய இடத்தில் மறுபடி பசை கொடுத்தாள். பின்பக்கத்தின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு காளை முகம், காவியும் கரியும் மட்டும். எனாமல் படத்தின் பளபளப்பு இல்லை. முறைப்பு இருந்தது.

கட்டுத்தரை மாடத்து டப்பாக்களை அப்பா ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா போன்றவை வீட்டு அபாயக் கழிவு வகையில் சேரும். குப்பைக்குழியில் போட்டால் எருவோடு காட்டுக்குப் போகும், எரித்தால் மூச்சுக்கு வரும், வாய்க்காலில் கொட்டினால் கேட்கவே வேண்டாம். தூய்மைப் பணியாளர்களிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். வரும் பொங்கலுக்குக் கொம்புக்குக் காவியும் எண்ணெயும் போதும் என்று அந்த வீட்டில் முடிவாகியிருக்கிறது. தாயின் தலையைக் கன்று நக்குவதை யார் தடுக்க முடியும்?

சிவப்பு முறம் இப்போது ஆசாரச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேல் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் யார் வரைந்தது என்று கேட்கிறார்கள். அதை மாட்டுவதற்கு முன்னால் ஆத்தா ஒரு வேலை செய்தார். பெயின்ட் படாமல் தப்பிய பின் விளிம்பில் இருந்த செம்புக் கம்பிக் கட்டைக் குறட்டால் பிரித்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, புது முறத்தின் விளிம்பில் சுற்றி முறுக்கினார். விரிசல் இல்லாத முறத்துக்குக் கட்டு எதற்கு என்று மருமகள் கேட்டார். ஆத்தா காதில் வாங்கவில்லை.

ஆவணியில் பெண் குழந்தை. மாதம் கழிந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்று, புது முறத்தில் நெல் பரப்பி, ஆத்தாவின் வெள்ளைப் பருத்திச் சீலையை நாலாக மடித்து விரித்துக் கிடத்தினார்கள். கட்டுத்தரையில் இருந்து படியில் தவிடு அள்ளி வந்தவள் பேத்திதான். பக்கத்துத் தோட்டத்து அம்மாள் குழந்தையை முறத்தோடு கையில் வாங்கிக்கொண்டு, படியை எட்டிப் பார்த்தார்.

"ஒத்தப் படிதானுங்களா? இப்பத் தவுடு விக்கிற வெலைக்கு அது பழைய கணக்குங்க. ரெண்டு படி இல்லாமக் குடுக்க முடியாது, சொல்லிப்போட்டேன்."

"போய் இன்னொரு படி கொண்டா சாமி" என்றார் ஆத்தா.